நிலம் விற்ற ஆண்டில் வருமான வரிக் கணக்கு: ஆடிட்டரிடம் போக வேண்டுமா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றி, 60 வயது நிறைவடைந்து, 2024 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேன். காட்பாடி காந்தி நகரில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். 2024-25 நிதியாண்டில் இரண்டு மாதச் சம்பளம் ரூ.2,30,000, பத்து மாத ஓய்வூதியம் ரூ.4,80,000, ஓய்வுக்கால வைப்புத் தொகைகளுக்கு வங்கி வட்டி ரூ.1,90,000 வந்திருக்கிறது. பள்ளியில் ரூ.12,000, வங்கியில் ரூ.19,000 வரி பிடித்திருக்கிறார்கள். கருவூலத்தில் எதுவும் பிடிக்கவில்லை. இவை தவிர, என் தந்தையார் 1986இல் வாங்கிய 30 சென்ட் நிலம் காட்பாடி தாலுகாவில் எங்கள் ஊரில் இருந்தது. அவர் 2009இல் உயில் எழுதாமல் காலமானார். தாயார் அவருக்கு முன்பே போய்விட்டார். அந்த நிலத்தை 2024 நவம்பரில் ஒரு மனை வணிகருக்கு ரூ.24 லட்சத்துக்கு விற்றோம். நானும் தங்கையும் பத்திரத்தில் கையெழுத்திட்டோம். பணம் என் கணக்கில் வந்தது. தங்கைக்குச் சீராக ரூ.6 லட்சம் கொடுத்தேன். விற்கும் வரை நிலம் குத்தகையில் இருந்தது, அதில் ரூ.18,000 கிடைத்தது. மீதிப் பணத்தில் வீட்டுக்கு மேல்மாடி கட்ட எண்ணம். இதுவரை பள்ளியிலேயே எல்லோருக்கும் சேர்த்துக் கணக்குத் தாக்கல் செய்துவிடுவார்கள். பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் மகன், 'அரை மணி நேர வேலை, நீங்களே இணையத்தில் செய்துவிடலாம்' என்கிறான். மைத்துனர் சொன்ன ஆடிட்டர் ரூ.4,000 கேட்கிறார். பிரவுசிங் சென்டரில் ஒருவர் ரூ.300க்குச் செய்வதாகவும், ரூ.22,000 ரீஃபண்ட் வாங்கித் தருவதாகவும், அதில் பத்து சதவீதம் தனக்குத் தந்தால் போதும் என்றும் சொல்கிறார். யாரிடம் போவது?

பதில் (2025 செப்டம்பர் 15 கெடுவுக்கு முன், அன்றைய விதிகளின்படி எழுதியது): தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நானும் இந்த ஊரில் ஆடிட்டர் தொழிலில் இருப்பவன் என்பதால், 'ஆடிட்டரைப் பாருங்கள்' என்று நான் சொன்னால் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதுதான் முறை. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். இந்த ஆண்டு ஆடிட்டரிடம் போங்கள். அடுத்த ஆண்டு போக வேண்டியதில்லை. உங்கள் மகன் சொல்வதைப் போல நீங்களே செய்துகொள்ளலாம். பிரவுசிங் சென்டர்காரரிடம் எந்த ஆண்டும் போகாதீர்கள்.

படிவத்தை நிரப்பத் தெரியுமா என்பதை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் பள்ளிப் பதிவேடுகளைப் பார்த்தவருக்கு அந்தப் படிவம் ஒரு பொருட்டே இல்லை. சம்பளமும் வட்டியும் பிடித்த வரியும் பெரும்பாலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டுத்தான் வருகின்றன. அந்த ஆண்டின் வரவுகளில், சட்டத்தைப் படித்து இப்படியா அப்படியா என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் வட்டியிலும் அப்படி எதுவும் இல்லை. நிலத்தில் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, மூன்று நான்கு.

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடுவோம். மாநில அரசு ஊழியராக ஓய்வு பெற்ற உங்களுக்குக் கிடைத்த பணிக்கொடை, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெற்ற தொகை, ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெற்ற தொகை ஆகிய மூன்றுக்கும் முழு வரிவிலக்கு உண்டு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றையும் கூட்டினால் சரியாக ரூ.9,00,000 வருகிறது. கழிவுகள் குறைவான புதிய வரிமுறையில், சம்பளமோ ஓய்வூதியமோ பெறும் எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவு ரூ.75,000 போக ரூ.8,25,000க்கு வரி ரூ.32,500; வரியின் மேல் விதிக்கும் நான்கு சதவீத செஸ் சேர்த்து ரூ.33,800. பழைய முறையில் நிலைக் கழிவு ரூ.50,000, மூத்த குடிமக்களின் வட்டிக் கழிவு ரூ.50,000, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றில் நீங்கள் முதலீடு செய்திருந்தால் ரூ.1,50,000 என்று எல்லாவற்றையும் கழித்தாலும் வரி ரூ.41,600 வருகிறது. எனவே உங்களுக்குப் புதிய முறையே லாபம். உங்களைப் போலத் தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; ஆனால் கெடு தேதி தாண்டிவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ஆண்டுக்குப் போய்விடும்.

பிடித்த வரி மொத்தம் ரூ.31,000. ஆக, நிலத்தை மறந்துவிட்டாலும்கூட நீங்கள்தான் ரூ.2,800 கட்ட வேண்டும். குத்தகைப் பணத்தை முறைப்படி சேர்த்தால் அது இன்னும் ஆயிரம் ரூபாய்க்குள் கூடும். ஏன் இந்தக் குறைவு என்றால், கருவூலம் உங்கள் ஓய்வூதியத்தை மட்டும் தனியே பார்த்தது. ரூ.4,80,000 என்பது வரித் தள்ளுபடி வரம்பான ரூ.7 லட்சத்துக்குள் இருந்ததால் எதுவும் பிடிக்கவில்லை. பள்ளி தன் பங்குக்கு இரண்டு மாதச் சம்பளத்தைப் பார்த்தது. இரண்டையும் வட்டியோடு சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. பணியிலிருந்து பாதி ஆண்டில் ஓய்வு பெறும் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் ஆண்டில் இது நேர்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. 60 வயதானவருக்குத் தொழில் வருமானம் இல்லையென்றால் ஆண்டு முடியும் முன்பே தவணையாக முன்கூட்டிய வரி கட்டும் கடமையும் கிடையாது என்பதால், கெடுவுக்குள் கட்டிவிட்டால் இதற்கு வட்டியும் வராது.

இப்போது பிரவுசிங் சென்டர்காரர் வாக்களித்த ரூ.22,000க்கு வருவோம். பிடித்ததே ரூ.31,000 என்னும்போது, ரூ.22,000 திரும்பி வர வேண்டுமென்றால் உங்கள் மொத்த வரி ரூ.9,000 ஆக இருந்தாக வேண்டும். மேலே நீங்களே பார்த்த கணக்கில் எந்த முறையிலும் அது அப்படிக் குறையாது. அவர் அதைக் குறைக்கும் வழி ஒன்றுதான்: பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் கொடுக்காத வாடகையையும், அரசியல் கட்சிக்கு அளிக்காத நன்கொடையையும், வாங்காத கல்விக் கடனுக்கு வட்டியையும், வீட்டில் இல்லாத மாற்றுத்திறனாளிக்குச் செலவையும் எழுதிவிடுவது. பணம் சில வாரங்களில் கணக்கில் வந்தும் விடக்கூடும். அவருடைய பத்து சதவீதத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேள்வி வரும்போது அவர் இருக்க மாட்டார். கணக்கின் கடைசிப் பக்கத்தில் 'இதில் உள்ளவை அனைத்தும் உண்மை' என்று உறுதி கூறியிருப்பவர் நீங்கள். தவறான தகவல் தந்து வரியைக் குறைத்ததாக முடிவானால், குறைத்த வரியோடு அதன் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு.

இதை மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. 2025 ஜூலை 14 அன்று இப்படிப் பொய்க் கழிவுகளை எழுதித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. சந்தேகத்துக்குரிய கணக்குகள் மிகுந்த மாநிலங்களாகத் துறை குறிப்பிட்டவற்றில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, ரூ.1,045 கோடி அளவிலான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் அது தெரிவித்தது. ரீஃபண்டில் பங்கு கேட்பதே ஒரு நல்ல அடையாளம். பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) ஒருவர் தன் பணியின் பலனைப் பொறுத்துச் சதவீதமாகக் கட்டணம் வாங்குவது, சட்டம் தனியே அனுமதித்த சில இனங்கள் தவிர, 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். முறையாகத் தொழில் செய்யும் எவரும் உங்களிடம் அப்படிக் கேட்க மாட்டார்.

நிலத்துக்கு வருகிறேன். இங்குதான் உங்கள் ரூ.4,000 வேலை செய்ய வேண்டும்.

முதல் கேள்வி, அந்த நிலத்துக்கு வரி உண்டா என்பதே. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்து என்ற கணக்கிலேயே வராது. அதை விற்றுக் கிடைத்த பணத்துக்கு, சொத்து விற்ற லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆனால் எது கிராமப்புறம் என்பதைச் சட்டம் தூரத்தாலும் மக்கள்தொகையாலும் அளக்கிறது. பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தால்தான் அது கிராமப்புறம். நம் வட்டாரத்தில் குடியாத்தம், ஆற்காடு, இராணிப்பேட்டை நகராட்சிகளுக்கு 2 கிலோமீட்டர் விதி பொருந்தும். ஆம்பூருக்கும் வேலூர் மாநகராட்சிக்கும் 6 கிலோமீட்டர் விதி. நிலம் காட்பாடி தாலுகாவில் இருப்பதால் உங்களுக்கு வேலூர்தான் முக்கியம். பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் பேரூராட்சி ஏதாவது அருகில் இருந்தால் அதன் எல்லையிலிருந்தும் அளந்து பார்க்க வேண்டும்.

இந்த 6 கிலோமீட்டரைக் கோட்டையிலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ அளப்பவர்கள் உண்டு. மாநகராட்சியின் எல்லைக் கோட்டிலிருந்து, சாலை வழியாக அல்லாமல், பறவை பறக்கும் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். காட்பாடியும் சத்துவாச்சாரியும் மாநகராட்சிக்குள் வந்த பிறகு அந்த எல்லை வெகுவாக வெளியே நகர்ந்துவிட்டது. பேருந்தில் அரை மணி நேரம் போக வேண்டிய ஊர், நேர்க்கோட்டில் 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவது இங்கே சாதாரணம். ஆகவே 'எங்கள் ஊர் பட்டிக்காடுதானே' என்ற நம்பிக்கையில் விட்டுவிடாமல், தாசில்தாரிடம் எழுத்து மூலமாகத் தூரச் சான்று கேட்டுப் பெறுங்கள். கூடவே பட்டா, சிட்டா, விற்பதற்கு முந்தைய ஆண்டுகளின் அடங்கல், கிஸ்தி ரசீது, குத்தகைதாரர் பெயரில் ஏதாவது எழுத்து இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வாங்கியவர் மனை வணிகர் என்பது மட்டுமே உங்கள் நிலத்தின் தன்மையை மாற்றிவிடாது. பத்திரப் பதிவு நாள் வரை அதில் உண்மையாகவே பயிர் இருந்ததா, விற்கும் முன் நீங்களே நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பித்தீர்களா என்பவை முக்கியம். வாங்கியவருடைய வசதிக்காக அப்படி ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிலம் 6 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் அடுத்தது எவ்வளவு வரி என்பது. உங்கள் தந்தையார் 1986இல் என்ன விலைக்கு வாங்கினார் என்பது பெரும்பாலும் தேவைப்படாது. 2001 ஏப்ரல் 1 அன்று அந்த நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அந்நாளைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு 2001ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பைக் கேட்டுப் பெறுங்கள். அடுத்து, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய அல்லது வாரிசுரிமையாக வந்த நிலத்தை அந்தத் தேதிக்குப் பின் விற்றிருந்தால், விலைவாசிக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் காட்டும் பணவீக்கக் குறியீட்டைச் சேர்க்காமல் 12.5 சதவீதமாகவும் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதமாகவும் இரண்டு வகையில் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு நுணுக்கமானது என்பது விளங்கும். 2001இல் சென்ட் ரூ.4,000 என்று வைத்தால் அடக்க விலை ரூ.1,20,000. 2001-02இல் 100 ஆக இருந்த குறியீடு 2024-25இல் 363 என்பதால் அது ரூ.4,35,600 ஆகப் பெருகும். 20 சதவீத வழியில் வரி ரூ.3,92,880, 12.5 சதவீத வழியில் ரூ.2,85,000. சென்ட் ரூ.10,000 என்று வந்தால் இரண்டு வழிக்கும் வித்தியாசம் வெறும் ரூ.300தான். அதற்கும் மேலே போனால் 20 சதவீத வழி லாபமாகத் தொடங்கி, ஒவ்வொரு ஆயிரம் ரூபாய் உயர்வுக்கும் வரி கணிசமாகக் குறையும். ஆக, சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒரு பழைய பதிவேட்டில் உள்ள எண் உங்கள் வரியை லட்சக்கணக்கில் கூட்டவோ குறைக்கவோ முடியும். இதே அலுவலகத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: விற்ற தேதியில் இருந்த வழிகாட்டி மதிப்பு ரூ.24 லட்சத்தைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகமாக இருந்தால், பத்திரத்தில் எழுதிய விலையை விட்டுவிட்டு வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கேள்வி உங்கள் தங்கையைப் பற்றியது. நீங்கள் இதைக் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் கணக்கின் மையமாகப் படுகிறது. தந்தையார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், உயில் இல்லை, தாயாரும் முன்பே இல்லை, வாரிசுகள் நீங்கள் இருவர் மட்டுமே என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாதி நிலம் தங்கையுடையது. அவர் உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதித் தராமல் விற்பனைப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்திட்டிருப்பதால், ரூ.12 லட்சம் உங்களுடைய வரவு, ரூ.12 லட்சம் அவருடைய வரவு. நீங்கள் கொடுத்த ரூ.6 லட்சம் வீட்டு வழக்கத்தில் சீராக இருக்கலாம். வரிச் சட்டத்தின் பார்வையில் அது அவருடைய பங்கில் ஒரு பகுதி. மீதி ரூ.6 லட்சத்தை அவர் மனமொப்பி உங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அது உடன்பிறந்தவர் தந்த அன்பளிப்பு. அதற்கு உங்களுக்கு வரி இல்லை. அவர் மனமொப்பித்தான் விட்டாரா என்பது என் துறைக்கு வெளியே உள்ள விஷயம். ஆனால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது, வரிக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

இந்தப் பிரிவினை இருவருக்கும் லாபமாகவே முடியக்கூடும். முழு நிலத்தையும் உங்கள் பெயரில் காட்டினால், மேலே சொன்ன முதல் கணக்கின்படி வரி ரூ.2,85,000. பாதியாகப் பிரித்தால் உங்களுக்கு ரூ.1,42,500. தங்கைக்கு வேறு வருமானம் இல்லையென்றால், அவருடைய ஆதாயம் ரூ.11,40,000இல் அடிப்படை விலக்கான ரூ.3 லட்சத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் ரூ.1,05,000. இவற்றோடு செஸ் தனி. ஆனால் அவரும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மகன் சொல்லும் அரை மணி நேரத்தில் இந்தக் கேள்வியை எந்த இணையதளமும் உங்களிடம் கேட்காது. எண்ணைப் போடச் சொல்லும், நீங்கள் ரூ.24 லட்சத்தைப் போடுவீர்கள், அது அமைதியாக ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, மேல்மாடி. வீட்டு மனையோ நிலமோ விற்ற பணத்தைக் கொண்டு குடியிருப்பு வீடு கட்டினால் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 54எஃப் விலக்குத் தருகிறது. விற்ற நாளில் உங்களுக்கு ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நிபந்தனை உங்களுக்குப் பொருந்துகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு ஓர் அறை கூடுதலாகப் போடுவதை விரிவாக்கம் என்று சொல்லி மறுப்பார்கள். தனி வாசல், தனிச் சமையலறை, மாநகராட்சியின் வரைபட அனுமதி, தனி மின் இணைப்பு என்று தனிக் குடியிருப்பாகவே அமைந்தால் உங்கள் வாதம் வலுவாக இருக்கும். வரைபடம் போடும் பொறியாளரைப் பார்க்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

இதில் ஒரு தேதி உங்களை நெருக்குகிறது. இதுவரை செலவாகாத பணத்தை, கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் போட்டு வைத்தால்தான் அந்த விலக்குக் கிடைக்கும். சாதாரண வைப்புத் தொகையில் கிடந்தால் கிடைக்காது. 2024-25 நிதியாண்டுக் கணக்குக்கான கெடு ஜூலை 31லிருந்து 2025 செப்டம்பர் 15க்கு நீட்டிக்கப்பட்டது. எல்லாக் கிளைகளிலும் இந்தக் கணக்கைத் திறக்க மாட்டார்கள். சில கிளைகளில் விண்ணப்பப் படிவத்தைத் தேடவே இரண்டு நாள் ஆகும். கடைசி வாரம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே விசாரியுங்கள். விற்ற ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனங்களின் பத்திரங்களில் முதலீடு செய்தால் விலக்குத் தரும் பிரிவு 54இசி என்ற இன்னொரு வழியும் இருந்தது. நவம்பரில் விற்ற உங்களுக்கு அது மே மாதத்தோடு மூடிவிட்டது. நிலத்தையோ வீட்டையோ விற்கப் போகும் மற்ற வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன்: ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் முன்பணம் வாங்கும் முன்பு. அப்போது போனால், நிலத்துக்காக ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதையும் அவர் சொல்லிவிடுவார்.

பிரவுசிங் சென்டரில் இன்னொரு யோசனையும் சொல்லக்கூடும். உங்கள் வரவுகளையும் பரிவர்த்தனைகளையும் வரித்துறை தொகுத்து வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்து, 'நில விற்பனை இதில் வரவே இல்லை, விட்டுவிடலாம்' என்பார்கள். வராமல் இருக்க வாய்ப்பு உண்டு, சார்பதிவாளர் ரூ.30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பரிவர்த்தனைகளைத்தான் வரித்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். துறைக்குத் தகவல் போகவில்லை என்பது வரிவிலக்கு ஆகாது. வாங்கியவரின் கணக்கை எப்போதாவது பிரித்துப் பார்க்கும்போது உங்கள் பெயர் வெளியே வரும்.

குத்தகைப் பணம் சிறிய தொகைதான். ஆனால் விவசாய வருமானம் ரூ.5,000ஐத் தாண்டினாலே எளிய படிவமான ஐடிஆர்-1ஐப் பயன்படுத்த முடியாது. ஆக, நிலத்துக்கு வரி இல்லை என்றே முடிவானாலும் இந்த ஆண்டு உங்களுக்கு ஐடிஆர்-2தான்.

ஆடிட்டரிடம் எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். படிவம் நிரப்ப மட்டும் ரூ.4,000 என்றால் அது அதிகம். நிலத்தின் வகை, 2001 மதிப்பு, தங்கையின் பங்கு, மேல்மாடி விலக்கு ஆகிய நான்கைப் பற்றியும் அவருடைய முடிவையும் காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். தருவேன் என்றால் ரூ.4,000 குறைவு. 'அதெல்லாம் எதற்கு சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் வேறு இடம் பாருங்கள். நம் ஊரில் ஆடிட்டர் அலுவலகம் என்று பலகை மாட்டியிருப்பவர்களில் பட்டயக் கணக்காளரும் உண்டு, வரி ஆலோசகராக மட்டும் தொழில் செய்பவரும் உண்டு. அனுபவமுள்ள வரி ஆலோசகர்கள் சம்பளக் கணக்கை நன்றாகவே செய்வார்கள். நில விஷயத்துக்கு நான் பட்டயக் கணக்காளரையே பரிந்துரைப்பேன். அவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டு, பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் கணக்கை அவரே பார்ப்பாரா, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பார்ப்பார்களா என்பதையும் கேளுங்கள். பிள்ளைகள் தயாரிப்பதில் தவறில்லை, தாக்கல் செய்யும் முன் அவர் ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

யாரிடம் போனாலும் ஒன்றை மட்டும் கைவிடாதீர்கள். வரித்துறை இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ள சுயவிவரப் பக்கத்தில் முதன்மைக் கைபேசி எண், மின்னஞ்சல் என்று இரண்டு இடங்கள் இருக்கும். பள்ளியில் கூட்டமாகத் தாக்கல் செய்தபோது அந்த இடங்களில் யாருடைய எண்ணைப் போட்டார்களோ தெரியாது. பல ஆசிரியர்களின் கணக்குகளில் எப்போதோ மாறிப்போன எழுத்தரின் எண் இன்னமும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வரித்துறையின் அறிவிப்புகள் எல்லாம் அங்கேதான் போகும். கணக்கில் குறை இருப்பதாக ஓர் அறிவிப்பு வந்து, 15 நாளில் பதில் தராவிட்டால் தாக்கல் செய்த கணக்கே செல்லாததாகிவிடக்கூடும். அறிவிப்பு வந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு இடங்களிலும் உங்கள் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ஆடிட்டருக்குக் கடவுச்சொல் தர நேர்ந்தால் வேலை முடிந்ததும் மறுபடி மாற்றுங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். அந்த ஓடிபியைச் சொல்லும் முன், கணக்கீட்டுத் தாளைக் கையில் வாங்கி, பிரித்த பங்கும் அடக்க விலையும் பேசியபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஆறு எண்களைச் சொல்வதுதான் உங்கள் கையெழுத்து. உங்கள் கணக்கைத் துறை சரிபார்த்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து அனுப்பும் 143(1) அறிவிப்பில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் நீங்கள் காட்டியது, மற்றதில் துறை கணக்கிட்டது. கடைசி வரியில் இரண்டும் ஒத்துப்போனால் கோப்பில் சேர்த்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் அதே ஆடிட்டரிடம் எடுத்துச் செல்லுங்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு ஏன் தேவையில்லை என்றேன் என்றால், 2025-26இல் உங்களுக்கு ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே இருக்கும். ஓய்வூதியம் ரூ.5,76,000, வட்டி ஏறத்தாழ ரூ.3 லட்சம் என்று வைத்தாலும் புதிய முறையில் நிலைக் கழிவு போக ரூ.12 லட்சத்துக்கு மிகவும் கீழே நிற்கும். வரித் தள்ளுபடியால் வரியே வராது. கணக்குத் தாக்கல் செய்வது மட்டும் கடமை, அதை நீங்களே செய்யலாம். வரி வராது என்பதால் வங்கியில் படிவம் 15எச் கொடுத்துவிட்டால் வட்டியில் பிடித்தமும் இருக்காது. இந்த நிதியாண்டுக்கு இன்னும் கொடுக்காவிட்டால் மூலதன ஆதாயக் கணக்கு திறக்கப் போகும் அன்றே கொடுத்துவிடுங்கள். உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை: பெங்களூர் நிறுவனத்தில் அவருக்கு வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகள் ஒதுக்கப்பட்டிருந்தால், அவற்றை வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும், அப்பாவுக்குச் சொன்ன அரை மணி நேரத்தில் தன் கணக்கையும் அவர் முடித்திருந்தால் மறுபடி திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆடிட்டரிடம் போகும்போது தங்கையையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பனைப் பத்திரத்தின் நகல், தந்தையாரின் 1986ஆம் ஆண்டுப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், இருவருடைய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவைப்படும். தங்கையின் பான் எண் ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். இணைக்காமல் இருந்தால் அவருடைய கணக்கைத் தாக்கல் செய்வதில் சிக்கல் வரும், செப்டம்பர் 15க்கு அதிக நாள் இல்லை.